பத்திரமா இருக்கும் சித்தி

செல்வின் வந்துவிடுவான் என்று நவமணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பேங்குக்குப் போனவன் வராமல் எங்கே போய்விடப் போகிறான், திங்கட்கிழமை காலையில் வண்ணார்பேட்டை பேங்குகளில் கூட்டம் இல்லாமலா இருக்கும், அவனும் நம்மைப்போல எங்கேயாவது ஒரு நாற்காலியில் டோக்கனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' மனதுக்குள் ஒழுங்காக உட்காரவில்லை, ஒரு கால் குட்டையான ஸ்டூல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. செல்வின் கிளை மேனேஜராக இருக்கும் அந்த ஷேர் புரோக்கர் ஆபீஸின் மாடி ஹாலில் ஏ.சி. மட்டும் என்றைக்கும் போல ஓடியது, குளிர் கணுக்காலில் தொடங்கி முழங்காலுக்கு ஏறியது. சுவரிலிருந்த பெரிய டி.வி.யில் சிவப்பும் பச்சையுமாக ஓடும் எண்கள் இன்று ஓடவில்லை. திரை கறுப்பாக இருந்தது, அதற்குள் அவளும் இன்னும் நாலைந்து பேரும் கிணற்றுக்குள் உட்கார்ந்திருப்பதுபோலத் தெரிந்தார்கள். போட மறந்திருப்பார்கள். யாராவது மறந்திருப்பார்கள். காலையில் பேப்பரில் கம்பெனிப் பெயரைத் தெளிவாகத்தான் போட்டிருந்தார்கள். வாடிக்கையாளர் பணத்தைச் சொந்தத் தேவைக்கு எடுத்துக்கொண்டதாகச் சந்தேகம், புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது என்று தடை. புதிதாகத்தானே சேர்க்கக் கூடாது, நாம் பழைய ஆள்தானே என்று முதலில் ஒரு ஆறுதல் வந்தது, வந்த வேகத்திலேயே அந்த ஆறுதலைப் பார்த்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. கணவர் ஞானதுரைக்குத் தெரியாது. அவருக்குக் கை நடுக்கம் வந்ததிலிருந்து அவள்தான் பேப்பரைப் பிடித்துப் பக்கம் புரட்டிக் கொடுக்கிறாள், முதலில் மரண அறிவிப்பு, பிறகு மழை, பிறகு மற்றது, முப்பது வருஷம் பூகோளம் நடத்திய மனுஷன் மழையை விடமாட்டார். இன்று அந்த ஒரு பக்கத்தை அடுத்த பக்கத்தோடு சேர்த்துப் பிடித்துப் புரட்டிவிட்டாள். "என்ன, இன்னைக்குப் பேப்பர் சீக்கிரம் முடிஞ்சுட்டு" என்றார் அவர். "விளம்பரம் இல்ல போலிருக்கு" என்றாள். அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்தது என்பதுதான் பஸ்ஸில் வரும்போதெல்லாம் அவளை உறுத்தியது, செய்தி அல்ல. செய்தியைத் தொட்டால் சுடும் என்று தெரிந்து மனம் அந்தச் சின்னப் பொய்யையே சுற்றிச் சுற்றி வந்தது.

கவுண்டருக்குப் பின்னாலிருந்த போன் அடித்துக்கொண்டே இருந்தது. கோமதி எடுக்கவில்லை. ஆபீஸ் திறந்த நாளிலிருந்து அந்தக் கவுண்டரில் இருப்பவள், நாற்பதைத் தாண்டியவள், வருகிறவர்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுப்பவள், இன்று போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அது வேறு யார் வீட்டிலோ அடிப்பதுபோல மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அடித்து நின்றது, மறுபடி அடித்தது. எடுக்காத மணி நவமணிக்கு ஆகாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காதுக்கு அது பசித்த பிள்ளை அழுவதுபோல. அந்தக் காலத்தில் டிரங்க் கால் போட்டுக் கொடுத்துவிட்டு, இணைப்பு நிற்கிறதா என்று ஒரு நொடி காது கொடுப்பாள், அந்த ஒரு நொடியில் எத்தனை வீடுகள் இடிந்து விழக் கேட்டிருக்கிறாள். பம்பாயிலும் ஜாம்ஷெட்பூரிலும் இருக்கிற மகன்களுக்கு இங்கிருந்து சித்தப்பாக்களும் மாமாக்களும் பேசுவார்கள். அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்கு, கிளம்பி வா. எல்லாரும் சொல்லிவைத்ததுபோல அதே வாக்கியம். செத்துப்போனார் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. அந்தக் 'கொஞ்சம்' வரும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும், பெட்டிக்குச் சொல்லியாகிவிட்டது, குழி வெட்ட ஆள் போய்விட்டான். பக்கத்து போர்டிலிருந்து ரஞ்சிதம் புருவத்தைத் தூக்குவாள், இவள் தலையை ஆட்டுவாள், இருவரும் அடுத்த காலுக்குத் திரும்புவார்கள். ரஞ்சிதம், செல்வினின் அம்மா. எக்ஸ்சேஞ்சில் கட்டிய தூளியில் கிடந்தவன் செல்வின், இவள் மாராப்பைப் பிடித்துக்கொண்டு நடை பழகியவன். இன்று காலை படியேறி வந்தவுடன் கோமதியிடம் கேட்டாள், "செல்வின் எங்கம்மா?" கோமதி துடைக்கும் துணியைப் பார்த்தபடியே சொன்னாள்: "சார் பேங்குக்குப் போயிருக்காவ. வந்துருவாவ. சிஸ்டத்துல கொஞ்சம் பிராப்ளம், வேற ஒண்ணுமில்ல." கொஞ்சம். சும்மா சொல்லியிருப்பாள், கொஞ்சம் என்று யார்தான் சொல்வதில்லை, கொஞ்சம் உப்பு, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். உலகத்துக் கொஞ்சமெல்லாம் சாவாகிவிடுமா என்ன. போன் நின்றது. ஹாலில் திடீரென்று வந்த அமைதி அடித்ததைவிட மோசமாக இருந்தது.

பத்திரமா இருக்கும் சித்தி. இப்படித்தான் சொன்னான். போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வீட்டுக்கு வந்து, அச்சுமுறுக்கைக் கையில் உடைத்துக்கொண்டு, தூள் சட்டையில் விழ விழத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னான். அந்தச் சமயம் மார்க்கெட் விழுந்துகொண்டிருந்தது. அவள் டெலிபோன் வேலையை விட்டு வந்தபோது டிபார்ட்மெண்ட் கொடுத்த பணத்தில் பாதியை ஞானதுரை போஸ்ட் ஆபீஸில் போட்டார், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கி இவள் ஷேராகப் போட்டாள். நல்ல பேங்குகள், ஒரு பெயிண்ட் கம்பெனி, ஒரு சோப்புக் கம்பெனி, வீட்டுக்குள் கண்ணால் பார்க்கிற சாமான்களின் பெயர்கள். அவர் சண்டை போடவில்லை, சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தினமும் காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து, "இன்னைக்கு எவ்வளவு கீழ?" என்று கேட்பார், அவ்வளவுதான். மழை எவ்வளவு என்று கேட்கிற அதே குரலில். அந்தக் குரல் அவளைத் தின்றது. குளிக்கும்போது, கறிக்கு அரைக்கும்போது, ஜெபத்தில் முழங்கால் போடும்போதுகூட எண்கள் வந்தன. அப்போதுதான் செல்வின் சொன்னான், இந்த வயசுல ஒங்களுக்கு இந்தப் படபடப்பு வேண்டாம் சித்தி, எல்லாத்தையும் வித்து எங்க கம்பெனி ஸ்கீம்ல போட்டுருங்க, ஏறவும் செய்யாது, எறங்கவும் செய்யாது, மாசாமாசம் வட்டி வரும், பத்திரமா இருக்கும். ஏறவும் செய்யாது இறங்கவும் செய்யாது. எப்படி ஒரு தாலாட்டு. எங்கே கையெழுத்து என்று அவன் விரலால் தொட்ட இடத்திலெல்லாம் போட்டாள். ஷேர்கள் விற்றுப்போன அன்று இவ்வளவு நாள் தலையில் சுமந்த குடத்தை இறக்கி வைத்ததுபோல இருந்தது, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டாள். ஞானதுரையிடம், "இனிமே கீழ மேல ஒண்ணும் கிடையாது" என்றாள். அவர், "நல்லது" என்றார். அந்த 'நல்லது' இருவரையும் அன்று இரவு நன்றாகத் தூங்க வைத்தது. பத்திரம். எவ்வளவு உருண்டையான சொல், வாய்க்குள் போட்டால் மிட்டாய் மாதிரி கரைகிறது. குழந்தையை ரயிலேற்றும்போதும் சொல்கிறோம், பத்திரமாப் போ. எழுதி முத்திரை குத்திய தாளுக்கும் அதுதான் பெயர். எது பத்திரம், தாளா, தாளைக் கொடுத்த ஆளா, ஆள் உட்கார்ந்த நாற்காலியா. வட்டி நாலு மாதம் சரியாக வந்தது. ஐந்தாம் மாதம் தாமதம். ஆறாம் மாதம் அவன் போனை எடுக்கவே மூன்று நாள் ஆனது, எடுத்ததும் சிரித்தான், அந்தச் சிரிப்பு. அந்தச் சிரிப்பிலிருந்த பொய்யை அவள் அப்போதே கேட்டாள். கேட்காததுபோல இருந்தாள்.

"நீங்க ஷேரா வச்சிருக்கியளா, இல்ல பணமாப் போட்டியளா?" பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டார். அவரை அங்கே பலமுறை பார்த்திருக்கிறாள். பிச்சையா, டிரான்ஸ்போர்ட்டில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், தினமும் வாங்கி தினமும் விற்கிறவர், டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்து தொடையைத் தட்டுகிறவர். சூதாடி என்று இவள் மனதுக்குள் பெயர் வைத்திருந்தாள். இன்று அவர் கையில் அட்டையில் வைத்த ஒரு வெள்ளைத் தாள் இருந்தது, ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். "ஏன் கேக்கிய?" என்றாள் நவமணி. "ஷேரா இருந்தாப் பயமே இல்லம்மா. அது இவன் பொட்டியில இல்ல. பம்பாய்ல பொதுக் காப்பகம் இருக்கு, அங்க ஒங்க பேர்ல கெடக்கும். இவன் நாளைக்கே கடையச் சாத்திட்டுப் போனாலும், வேற புரோக்கர்ட்ட மாத்திக்கிடலாம். நான் நேத்தே போன்ல பாத்துட்டேன், என் ஷேரு ஒண்ணும் போகல. கொஞ்சம் ரொக்கம் இங்க மாட்டிக்கிட்டு. அதுக்கும் ஷேர் எக்ஸ்சேஞ்சுல ஒரு பாதுகாப்பு நிதி இருக்கு, ஒரு அளவு வரைக்கும் தருவான், அலைய விட்டாலும் தருவான்." அவர் பேசப் பேச நவமணிக்கு மூச்சு லேசாகியது, காப்பகம், நிதி, தருவான், சொற்கள் ஒவ்வொன்றாக வந்து முதுகைத் தாங்கின. அப்படியென்றால் ஏற்பாடு இருக்கிறது, நமக்கு முன்னால் பயந்தவர்கள் யாரோ யோசித்து வைத்திருக்கிறார்கள். "நான் இவங்க ஸ்கீம்ல போட்டிருக்கேன்" என்றாள். "எந்த ஸ்கீமு?" "மாசாமாசம் வட்டி. ஷேரெல்லாம் வித்துட்டுச் செல்வின் அதுல போட்டுத் தந்தான்." பிச்சையா எழுதுவதை நிறுத்தினார். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை, ஆனால் பேச வேண்டியவர் பேசவில்லை. லைனில் இந்த மௌனம் அவளுக்குத் தெரியும், அந்தப் பக்கம் ஆள் இருக்கிறார், மூச்சு கேட்கிறது, சொல்தான் வரமாட்டேன் என்கிறது. "சொல்லுங்க" என்றாள். "அது எக்ஸ்சேஞ்சு வழியாப் போன பணம் இல்லம்மா. நிச்சயமா இவ்வளவு தாறேன்னு புரோக்கர் சொல்லி வாங்குனா, அது அவனுக்கும் ஒங்களுக்கும் உள்ள தனிக் கணக்கு. அந்த நிதியில கேட்டா, எங்களுக்குச் சம்பந்தமில்லம்பான்." கோமதி கவுண்டரில் தலை குனிந்திருந்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும், அந்தத் தாள்களில் முத்திரை குத்திக் கொடுத்தவள் அவள்தானே, குத்திக்கொண்டே, "பேரன் எப்படி இருக்கான்" என்று கேட்டவள்.

அப்படியானால் பயந்து பயந்து அவள் இறங்கியது படியிலிருந்து குழிக்குள். அந்தப் பேங்குகளும் பெயிண்ட்டும் சோப்பும் அவள் பெயரில் அங்கேயே, எவனும் தொடாத இடத்தில் கிடந்திருக்கும், ஏறி இறங்கிக்கொண்டு, மூச்சு விடுகிற நெஞ்சு மாதிரி. ஏறி இறங்கினால்தான் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். ஏறவும் செய்யாமல் இறங்கவும் செய்யாமல் இருப்பது எது என்று அவளுக்கு ஏன் தோன்றாமல் போனது. டி.வி.க்கு முன்னால் தொடை தட்டுகிறவர் பிழைத்துக்கொண்டார், ஸ்தோத்திரக் காணிக்கை போட்டவள் போய்விட்டாள். ஞானதுரைக்கு இதை எப்படிச் சொல்வது. அவருடைய மாத்திரை, நரம்பு டாக்டர் அடுத்த மாதத்துக்குச் சொன்ன அந்தச் சிகிச்சை, எல்லாம் இந்தப் பாதியை நம்பித்தான். அவர் திட்டமாட்டார். மறுபடியும் அந்த 'நல்லது'தான் சொல்வார், அதே குரலில். அதை நினைத்ததும் அவளுக்கு எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது, ஆனால் கால்கள் குளிரில் மரத்திருந்தன. கோமதி மேஜையில் வைத்திருந்த தன் பிள்ளைகளின் படத்தை எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள். ரொம்ப மெதுவாக, யாரும் பார்க்கவில்லை என்பதுபோல. அப்புறம் தண்ணீர் பாட்டிலையும் எடுத்தாள், அப்புறம் நாற்காலியில் போட்டிருந்த ஸ்வெட்டரையும். "சம்பளம் ரெண்டு மாசமா வரல" என்றாள் யாரிடம் என்றில்லாமல். "நான் வீட்டுக்குப் போறேன். நீங்களும் போயிருங்க." அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கும் சத்தம் தெருச் சத்தத்தோடு கலக்கும்வரை யாரும் அசையவில்லை.

மடியிலிருந்த செல்போன் அதிர்ந்தது. செல்வின். நவமணி சுவர்ப் பக்கமாகத் திரும்பி எடுத்தாள். "சித்தி, எங்க இருக்கிய?" "ஒன் ஆபீஸ்லதான்." "அங்க இருக்காதீய. உடனே வீட்டுக்குப் போங்க. யாராவது தாள நீட்டுனா எதுலயும் கையெழுத்துப் போடாதீய, கேட்டியளா? ஒங்க பணம் மட்டும் தனியா எடுத்து வச்சிருக்கேன். கேஸு கீஸுன்னு போனா அதுவும் முடங்கிரும். யார்ட்டயும் சொல்லாதீய, சித்தப்பாட்டயும்." ஒங்க பணம் மட்டும். அவளுக்குள் ஏதோ ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு எழுந்தது, அதை அவள் பார்த்தாள், அருவருப்பாக இருந்தது, ஆனாலும் அது எழுந்தது. எக்ஸ்சேஞ்ச் தூளியில் கிடந்தவன் நமக்கு மட்டும் செய்யமாட்டானா, எல்லாரும் போகட்டும், நமக்கு மட்டும். "எங்கப்பா இருக்க?" என்று கேட்டாள். "இங்கதான் சித்தி, ஜங்ஷன்ல, பேங்குல." பேங்கில் இப்படிக் காற்று வீசாது. அவன் குரலுக்குப் பின்னால் ஒரு கண்டக்டர் நீட்டி இழுத்துக் கூப்பிட்டான், மார்த்தாண்டம், களியக்காவிளை, ஏறு ஏறு. டீக்கடைப் பாய்லர் சீறியது. யாரோ மலையாளத்தில் சில்லறை கேட்டார்கள். "செல்வின்" என்றாள். அவன், "பத்திரமா வீட்டுக்குப் போங்க சித்தி" என்று சொல்லி வைத்துவிட்டான். அவன் குரல் உடைந்திருந்தது. அது நடிப்பில்லை. அதுதான் அவளைக் கலங்கடித்தது, அவனும் பயந்துதான் இருக்கிறான், மேலே எவனோ தின்றுவிட்டு இவன் தலையில் துடைத்திருக்கிறான், இருக்கலாம், இருக்கலாம், ஆனால் அச்சுமுறுக்கை உடைத்தபோது அவனுக்குத் தெரியுமா தெரியாதா.

பிச்சையா எழுதி முடித்திருந்தார். போலீஸில் பொருளாதாரக் குற்றப் பிரிவுக்குக் கொடுக்கிற புகார், உட்கார்ந்திருந்த எல்லாரும் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாள் அவளிடம் வந்தது. "நீங்கதான் முக்கியம்மா. அந்த ஸ்கீமுல போட்டவங்க ஒருத்தராவது முன்னால நின்னாத்தான் மத்தவங்களும் வருவாங்க. பிந்தப் பிந்த அவன் சொத்த மாத்திருவான்." நவமணி பேனாவைப் பிடித்தாள். டெலிபோனில் சேர்ந்த முதல் நாள் சூப்பர்வைசர் அம்மாள் சொன்னது ஒன்றுதான், காதில் விழுந்தது காதோடு போக வேண்டும், கேட்டதை வெளியே சொன்னவள் இந்த நாற்காலிக்கு லாயக்கில்லை. முப்பது சொச்சம் வருஷம் அதைக் காப்பாற்றியிருக்கிறாள். கள்ளக் காதல் கேட்டிருக்கிறாள், கடத்தல் கேட்டிருக்கிறாள், ஞானதுரையின் சொந்தத் தம்பி சொத்துக்காகப் பேசிய பேச்சைக் கேட்டிருக்கிறாள், அவரிடம்கூடச் சொன்னதில்லை. ரஞ்சிதம் ஒரே பிள்ளையை வைத்துக்கொண்டு தனியாக வளர்த்தாள். இந்தக் கையெழுத்து நேராக அவள் வீட்டு வாசலில் போய் விழும். அவன் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன் என்கிறானே. எங்கே வைத்திருப்பான், பஸ்ஸிலா. அவள் கையெழுத்தைப் போட்டாள். எழுத்து வளைந்து வளைந்து போயிற்று, வேறு யாரோ போட்டதுபோல. தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, "அவன் பேங்குல இல்ல" என்றாள். "நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டா இருக்கும். களியக்காவிளை பஸ்ஸு பக்கத்துல நிக்கான், எல்லையத் தாண்டிருவான்." பிச்சையா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். சொல்லியாயிற்று. வாய்க்குள் இரும்பு ருசித்தது.

அப்போதுதான் ரஞ்சிதம் கூப்பிட்டாள். திரையில் பெயரைப் பார்த்ததும் எடுக்காமல் விட்டுவிடலாமா என்று நினைத்தாள், எடுத்தாள். "ஏட்டி நவமணி, நீ வண்ணார்பேட்டைப் பக்கம் இருக்கியா? இந்தச் செல்வின் போன எடுக்க மாட்டேங்கான். மீட்டிங்குன்னு விடியக்காலமே பெரிய பையத் தூக்கிட்டுப் போனவன், ஒண்ணும் சாப்பிடல." "ரஞ்சிதம், நான் சொல்றதக் கேளு" என்றாள் நவமணி. "ஏட்டி, இரு. இங்க அவனத் தேடி ரெண்டு பேரு வந்திருக்காங்க. வெயில்ல நிக்காங்களேன்னு உள்ள கூப்பிட்டு உக்கார வச்சிருக்கேன், காப்பி கலக்கிட்டு இருக்கேன். இன்னொருத்தன் இப்பதான் பைக்க நிறுத்திட்டு வாறான்." "யாரு அவங்க?" "தெரியல. பணம் போட்டவங்க போலருக்கு. மரியாதையாத்தான் பேசுதாங்க. அவன் வாற வரைக்கும் இருக்கோம்னு சொல்லுதாங்க." மகன் வரும்வரை தாயை விடமாட்டார்கள். நவமணி எழுந்துவிட்டிருந்தாள். எப்படி எழுந்தாள், பையை எடுத்தாளா, பிச்சையாவிடம் என்ன சொன்னாள், ஒன்றும் தெரியவில்லை. படிக்கட்டில் ஏ.சி. குளிரை விட்டு வெளிவந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. "ரஞ்சிதம், நீ பின்வாசல் வழியாப் பக்கத்து வீட்டு டெய்சிட்டப் போ. காப்பிய அப்படியே போட்டுட்டுப் போ. நான் வந்துக்கிட்டு இருக்கேன்." "எதுக்குட்டி? நீ ஏன் இப்படி மூச்சு வாங்குத?" ஒரு ஆட்டோ நின்றது, "சமாதானபுரம்" என்றாள், ஏறினாள், போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஆட்டோ மேம்பாலத்தில் ஏறியது, கீழே பஸ்களின் சத்தம் எங்கேயோ இருந்தது. "ரஞ்சிதம், போறியா?" என்றாள். அந்தப் பக்கம் டம்ளர் தட்டில் வைக்கிற சத்தம் கேட்டது, ஆண் குரல் ஒன்று தாழ்வாக ஏதோ கேட்டது, ரஞ்சிதம் போனை வாயிலிருந்து தள்ளிவைத்து, "எங்கூட வேலை பாத்தவ, நவமணி" என்று பதில் சொன்னாள். "இங்கதான் வாறாளாம்." பிறகு கனத்த ஆண் செருப்புக் கால்கள் நாலைந்து அடி நடந்தன, முன்வாசல் கதவு சாத்தப்பட்டது, உள்தாழ்ப்பாள் விழுந்தது. இணைப்பு இன்னும் இருந்தது. நவமணி கேட்டுக்கொண்டிருந்தாள்.